வெள்ளிப் பதக்கத்தில் விலங்குகள்: வெட்டாமல் சோதிப்பது எப்படி?

ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் நகரச் சந்தையில் ஓர் அடிமை நாள்தோறும் வந்து உட்காருவான். அவன் அரசுக்குச் சொந்தமான அடிமை. அவனுடைய வேலை, மக்கள் கொண்டு வரும் வெள்ளி நாணயங்களைப் பார்த்து, நல்லது எது, போலி எது என்று சொல்வதாகும். அந்த நாணயத்தின் ஒரு பக்கத்தில் அதீனா என்னும் தெய்வத்தின் தலையும், மறு பக்கத்தில் பெரிய கண்களையுடைய ஓர் ஆந்தையும் இருக்கும். எடை சுமார் 17 கிராம். ஏதென்சுக்குத் தென்கிழக்கேயுள்ள லாரியம் சுரங்கத்தில் எடுத்த வெள்ளியால் ஆனது அது. வெள்ளி முலாம் பூசி, உள்ளே வெண்கலமோ ஈயமோ வைத்த போலி ஆந்தைகளும் சந்தையில் உலவின. அப்படிப்பட்ட நாணயம் கையில் சிக்கினால் அதை அங்கேயே குறுக்காக வெட்டிவிட வேண்டும் என்று கி.மு. 375ஆம் ஆண்டளவில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சோதனையாளன் தன் கடமையில் தவறினால் அவனுக்கு ஐம்பது கசையடி! இச்சட்டம் பொறிக்கப்பட்ட கல், ஏதென்சின் பழைய சந்தைத் திடலில் 1970ஆம் ஆண்டு கிடைத்தது.

இன்று பொருட்காட்சிச் சாலைகளில் உள்ள ஆந்தை நாணயங்கள் பலவற்றில் ஆழமான உளி வெட்டுகளைக் காணலாம். உள்ளே இருப்பதும் வெள்ளிதானா என்று பார்க்க, கை மாறிய இடங்களில் யாரோ வெட்டிப் பார்த்த தழும்புகள் அவை. பண்டைய இந்தியாவின் முத்திரை குத்திய வெள்ளிக் காசுகளிலும் யானை, காளை முதலிய உருவங்களுக்கு நடுவே, பிற்பாடு குத்திய சின்னஞ்சிறு முத்திரைகள் காணப்படுகின்றன. காசைச் சரிபார்த்தவர்கள் இட்ட அடையாளங்களாக அவற்றை அறிஞர்கள் கருதுகின்றனர்.

ஆந்தை அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் தொடர்கிறது. உலகின் பல நாணயச் சாலைகள் தூய வெள்ளியில் விலங்கு உருவங்களைப் பொறித்து வெளியிடுகின்றன. அவற்றைச் சேகரிப்போர் பலர். போலிகளும் அன்றுபோலவே உலவுகின்றன. ஆனால் அழகான பதக்கத்தை உளியால் வெட்டினால் அதன் மதிப்பே போய்விடும். வெட்டாமல், கீறாமல், உள்ளே இருப்பது வெள்ளிதானா என்று அறிய முடியுமா? உங்கள் பள்ளிப் பௌதிகப் பாடமே இதற்கு விடை தருகிறது.

நாணயமா, பதக்கமா?

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்வோம். அரசின் அதிகாரத்தோடு, முக மதிப்புப் பொறித்து வெளியிடப்படுவது நாணயம். முக மதிப்பு இல்லாமல், எடையும் தூய்மையும் மட்டும் பொறித்து வெளியிடப்படுவது பதக்கம். ஆஸ்திரேலியாவின் வெள்ளிக் கூக்கபரா நாணயத்தில் ஒரு டாலர் என்று பொறித்திருக்கும். சீனாவின் பாண்டாவில் பத்து யுவான் என்றிருக்கும். இந்தத் தொகை பெயரளவில்தான். உள்ளே உள்ள வெள்ளியின் மதிப்பு இதைவிடப் பன்மடங்கு. ஆனாலும் அந்தப் பொறிப்புக்குப் பின்னால் ஓர் அரசு நிற்கிறது. பதக்கத்துக்குப் பின்னால் அதைச் செய்த நிறுவனத்தின் நாணயம் மட்டுமே நிற்கிறது.

நம் ஊர் நகைக் கடைகளில் இரு பக்கமும் யானைகள் நிற்கும் கஜலட்சுமி உருவத்தோடு ‘வெள்ளிக்காசு’ விற்கிறார்கள் அல்லவா? காசு என்று பெயர் இருந்தாலும் இந்தப் பாகுபாட்டின்படி அது பதக்கமே ஆகும்.

அமெரிக்கக் காட்டெருமையின் கதை இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும். 1913 முதல் 1938 வரை அமெரிக்காவில் புழங்கிய ஐந்து சென்ட் நாணயத்தில் ஜேம்ஸ் எர்ல் ஃபிரேசர் என்ற சிற்பி வடித்த காட்டெருமை இடம்பெற்றது. அது வெள்ளி அன்று. 75 சதவீதம் தாமிரமும் 25 சதவீதம் நிக்கலும் கலந்த உலோகம். இன்று அதே காட்டெருமையைத் தனியார் நிறுவனங்கள் பல, தூய வெள்ளிப் பதக்கங்களில் பொறித்து விற்கின்றன. அதே உருவம் வெள்ளி முலாம் பூசிய மலிவுப் பதக்கங்களிலும் வருகிறது. ஆகவே உருவத்தைப் பார்த்து உலோகத்தை முடிவு செய்ய இயலாது.

உலோகக் காட்டில் ஓர் உலா

இனி, சேகரிப்போர் பெரிதும் விரும்பும் சில விலங்குகளைச் சந்திப்போம்.

சீனப் பாண்டா: 1982இல் தங்கத்திலும் 1983இல் வெள்ளியிலும் வெளிவரத் தொடங்கியது. ஆண்டுதோறும் பாண்டாவின் உருவம் மாறும். 2001, 2002 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் ஒரே உருவம் இடம்பெற்றது. மறு பக்கத்தில் பீக்கிங்கிலுள்ள விண்ணகக் கோயில். ஒரு டிராய் அவுன்ஸ் எடையுள்ளதாக இருந்த பாண்டா, 2016 முதல் 30 கிராம் எடைக்கு மாற்றப்பட்டது.

கூக்கபரா: ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச் சாலை 1990 முதல் வெளியிடுகிறது. இதிலும் ஆண்டுக்கு ஓர் உருவம். கூக்கபரா மீன்கொத்தி இனத்தைச் சேர்ந்த பெரிய பறவை. ஆனால் அது பெரும்பாலும் மீனை நம்பி வாழ்வதில்லை. பூச்சி, பல்லி, பாம்பு ஆகியவற்றைப் பிடித்துத் தின்னும். மனிதர் உரக்கச் சிரிப்பது போன்ற அதன் குரல் புகழ்பெற்றது.

கனடாவின் ஆறு விலங்குகள்: 2011 முதல் 2013 வரை ஓநாய், கிரிஸ்லி கரடி, கூகர் என்னும் மலைச் சிங்கம், மூஸ் என்னும் பெரிய மான், கிளைக்கொம்புடைய பிராங்ஹார்ன், காட்டெருமை ஆகிய ஆறும் ஆண்டுக்கு இரண்டாக வெளிவந்தன. இவற்றின் தூய்மை 99.99 சதவீதம்.

ஆப்பிரிக்க யானை: 2004 முதல் சோமாலியாவின் பெயரைத் தாங்கி வருகிறது. ஆனால் இது அச்சாவது ஜெர்மனியின் பவேரியா மாநில நாணயச் சாலையில்!

வெண்தலைக் கழுகு: 1986 முதல் வெளிவரும் அமெரிக்க வெள்ளிக் கழுகின் பின் பக்கத்தில் உள்ளது. இந்தக் கழுகுக்குப் பின்னால் ஓர் அறிவியல் பாடமே இருக்கிறது. டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி மீன்களின் வழியாகக் கழுகுகளின் உடலில் சேர்ந்தது. அதனால் அவை இட்ட முட்டைகளின் ஓடு மெலிந்து, அடை காக்கும்போதே உடைந்தன. 1963இல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்காவில் 417 இணைகளே எஞ்சியிருந்தன. 1972இல் டி.டி.டி. தடை செய்யப்பட்டது. பறவைகள் மெல்லப் பெருகின. 2007இல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து வெண்தலைக் கழுகு நீக்கப்பட்டது. ஒரு நாட்டின் சின்னமாக நாணயத்தில் இருப்பதால் மட்டும் ஓர் உயிரினம் பிழைத்துவிடாது என்பதை இது காட்டுகிறது.

பாண்டாவின் கறுப்பு எங்கிருந்து வந்தது?

பாண்டாவின் உடல் கறுப்பும் வெள்ளையும். நாணயமோ முழுவதும் வெள்ளி. வண்ணம் எதுவும் பூசாமல் ஒரே உலோகத்தில் இரு நிறங்களைக் காட்டுவது எப்படி?

கண்ணாடிபோல் வழவழப்பான பரப்பில் விழும் ஒளி ஒரே திசையில் திரும்பிச் செல்லும். அந்தத் திசையில் உங்கள் கண் இல்லாவிட்டால் அப்பரப்பு இருண்டு தெரியும். நுண்ணிய சொரசொரப்புள்ள பரப்பில் விழும் ஒளியோ எல்லாத் திசைகளிலும் சிதறும். எங்கிருந்து பார்த்தாலும் அது வெண்மையாகத் தெரியும். இவ்விரு வகைப் பரப்புகளையும் அருகருகே அமைத்து, பாண்டாவின் இரு நிறங்களையும் காட்டுகிறார்கள். சேகரிப்போருக்கென்றே தனிக் கவனத்துடன் அச்சிடும் நாணயங்களில் பின்புலம் கண்ணாடிபோலவும், விலங்கு பனி படிந்ததுபோலவும் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

அச்சிடும் முறையையும் சுருக்கமாகப் பார்ப்போம். உருக்கிய வெள்ளியைத் தகடாக்கி, வட்ட வில்லைகளாக வெட்டுவார்கள். உருளைகளுக்கு இடையே நசுங்கிய தகட்டில் படிகங்கள் குலைந்து, உலோகம் விறைப்பாகிவிடும். அதை மீண்டும் சூடாக்கி ஆற்றினால் படிகங்கள் சீராகி, வில்லை மென்மை பெறும். பிறகு, உருவம் செதுக்கிய இரண்டு எஃகு அச்சுகளுக்கு இடையே வைத்து, நூறு டன்னுக்கும் மேற்பட்ட விசையால் அழுத்துவார்கள். வெள்ளி உருகாமலே, பிசைந்த மாவுபோல் அச்சின் பள்ளங்களுக்குள் ஓடி நிரம்பும். கூக்கபராவின் இறகுக் கோடுகள் ஒவ்வொன்றும் இப்படி உருவானவையே. உருவத்துக்கு அச்சு செய்து உருக்கி ஊற்றிய போலிகளில் இக்கோடுகள் மழுங்கியிருக்கும். சிறு குமிழிக் குழிகளும் காணப்படும். ஒரு நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி இதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

எடையும் அளவும்

வெள்ளியை உலகச் சந்தையில் டிராய் அவுன்ஸ் கணக்கில் எடை போடுகிறார்கள். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம். மளிகைச் சாமான்களுக்கு வழங்கிய சாதாரண அவுன்சோ 28.35 கிராம்தான். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘ஒரு அவுன்ஸ்’ என்று விற்கப்படும் வெள்ளிப் பதக்கம் 28.35 கிராம் மட்டும் இருந்தால், ஏறக்குறைய 9 சதவீத வெள்ளி குறைகிறது என்று பொருள்.

எடை மட்டும் சரியாக இருந்தால் போதுமா? போதாது. எந்த உலோகத்திலும் 31.1 கிராம் எடையுள்ள வில்லையைச் செய்துவிடலாம். ஆனால் அதன் பருமன் மாறும். ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளியின் எடை 10.49 கிராம், அதே அளவு தாமிரத்தின் எடை 8.96 கிராம். எனவே 31.1 கிராம் வெள்ளி 2.97 க.செ.மீ. இடத்தையும், தாமிரம் 3.47 க.செ.மீ. இடத்தையும் அடைக்கும். தாமிரப் போலி எடையில் சரியாக இருந்தால் தடிமன் கூடியிருக்கும். தடிமன் சரியாக இருந்தால் எடை குறைந்திருக்கும். இரண்டையும் ஒருங்கே மறைக்க அதனால் முடியாது.

ஆனால் பதக்கத்தின் தடிமனை அளந்து பருமனைக் கணக்கிடுவது எளிதன்று. விளிம்பு உயர்ந்திருக்கும், நடுவே யானையின் முதுகு புடைத்திருக்கும், பின்புலம் தாழ்ந்திருக்கும். மேடு பள்ளமுள்ள பொருளின் பருமனை எப்படி அளப்பது? இதே சிக்கல்தான் சிராக்யூஸ் அரசனின் மகுடத்தைச் சோதிக்கச் சென்ற ஆர்க்கிமிடீசுக்கும் ஏற்பட்டதாகக் கதை சொல்கிறது. அவர் காட்டிய வழியிலேயே நாமும் செல்வோம்.

சோதனை 1: தண்ணீர் சொல்லும் சாட்சி

தேவையானவை: 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு, சிறிய பிளாஸ்டிக் கிண்ணம், தண்ணீர், மெல்லிய நூல்.

1. பதக்கத்தை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வையுங்கள். தராசைச் சுழிக்குக் கொண்டுவாருங்கள்.

3. பதக்கத்தை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுவதும் மூழ்குமாறு தொங்கவிடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. நூலைக் கையால் பிடிப்பதைவிட ஒரு தாங்கியில் கட்டுவது நல்லது.

4. இப்போது தராசு காட்டும் எண்ணைக் குறியுங்கள்.

பதக்கம் அடியைத் தொடவில்லை. நூல் அதைத் தாங்குகிறது. அப்படியிருக்கத் தராசு ஏன் எடையைக் காட்டுகிறது? தண்ணீர் பதக்கத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்த விசை, பதக்கம் விலக்கிய தண்ணீரின் எடைக்குச் சமம். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி பதக்கமும் தண்ணீரை அதே அளவு கீழ்நோக்கித் தள்ளுகிறது. தராசு காட்டுவது இதையே. ஒரு கிராம் தண்ணீரின் பருமன் ஏறத்தாழ ஒரு க.செ.மீ. ஆதலால், தராசு காட்டும் எண்ணே பதக்கத்தின் பருமன் ஆகிவிடுகிறது.

அடர்த்தி = உலர்ந்த எடை ÷ தண்ணீரில் காட்டிய எண்

உலர்ந்த எடை 31.10 கிராம், தண்ணீரில் காட்டிய எண் 2.97 என்றால், அடர்த்தி 10.47. இது வெள்ளியின் அடர்த்திக்கு மிக அருகில் உள்ளது. எண் 3.49 என்று வந்தால் அடர்த்தி 8.91. அது வெள்ளியாக இருக்க முடியாது.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். பதக்கத்தில் ஒட்டிய காற்றுக் குமிழிகள் பருமனைக் கூட்டிக் காட்டும். மெல்ல அசைத்து அவற்றை நீக்குங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு க.செ.மீ. தண்ணீரின் எடை 0.996 கிராம்தான், நம் ஊர்க் கோடையில் தூய வெள்ளிக்கே 10.53 என்று விடை வரலாம். மூன்றாவதாக, 0.1 கிராம் மட்டுமே காட்டும் தராசால் தாமிரத்தை வெள்ளியிலிருந்து பிரித்தறியலாம், ஆனால் 92.5 சதவீத வெள்ளியை (அடர்த்தி 10.36) தூய வெள்ளியிலிருந்து பிரித்தறிய இயலாது. அதற்கு 0.01 கிராம் தராசு வேண்டும். கருவியின் நுட்பம் எவ்வளவோ, விடையின் நுட்பமும் அவ்வளவே.

வெள்ளிப் பதக்கம் இல்லாதவர்களும் இச்சோதனையைச் செய்யலாம். 1983 முதல் 1991 வரை வெளிவந்த ஒரு ரூபாய் நாணயங்கள் தாமிரமும் நிக்கலும் கலந்தவை. ஒவ்வொன்றும் 6 கிராம். ஐந்தைச் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். விடை 8.9ஐ ஒட்டி வர வேண்டும். வீட்டிலுள்ள வெள்ளிக்காசையும் பெரியவர்களைக் கேட்டுச் சோதிக்கலாம்.

சோதனை 2: தயங்கி இறங்கும் காந்தம்

அடர்த்திச் சோதனையையும் ஏமாற்ற முடியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஈயத்தின் அடர்த்தி 11.34, வெள்ளீயத்தின் அடர்த்தி 7.29. பருமனில் நான்கு பங்கு ஈயமும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்த்தால்:

(4 × 11.34 + 1 × 7.29) ÷ 5 = 10.53

வெள்ளியின் அடர்த்திக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டது, பாருங்கள்! இதன் மேல் வெள்ளி முலாம் பூசிவிட்டால் தண்ணீர்ச் சோதனை ஏமாந்துபோகும். ஆகவே அடர்த்தியோடு தொடர்பில்லாத வேறொரு பண்பையும் சோதிக்க வேண்டும். மின்சாரத்தைக் கடத்தும் திறன் அப்படிப்பட்ட ஒரு பண்பு. உலோகங்கள் அனைத்திலும் மின்சாரத்தையும் வெப்பத்தையும் மிக நன்றாகக் கடத்துவது வெள்ளியே. தாமிரம் அதற்கு அடுத்தது. ஈயம் வெள்ளியோடு ஒப்பிட மிக மோசமான கடத்தி.

கம்பி எதையும் இணைக்காமல் கடத்துதிறனைச் சோதிக்க ஒரு சிறிய நியோடிமியம் காந்தம் போதும். பதக்கத்தை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் இட்டு, சுமார் 45 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். காந்தத்தை மேல் விளிம்பில் வைத்து விடுங்கள். வெள்ளி காந்தத்தால் ஈர்க்கப்படும் பொருள் அன்று. ஆகவே காந்தம் ஒட்டாது. ஆயினும் வழுக்கி ஓடாமல், தேனில் இறங்குவதுபோல் தயங்கித் தயங்கி இறங்கும்!

காரணம் இதுதான். காந்தம் நகரும்போது அதன் அடியிலுள்ள உலோகத்தில் காந்தப் புலம் மாறுகிறது. அதனால் உலோகத்தில் சிறு சிறு சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. லென்சின் விதிப்படி அம்மின்னோட்டங்கள் தம்மை உண்டாக்கிய இயக்கத்தையே எதிர்க்கின்றன. கடத்துதிறன் மிகுந்தால் மின்னோட்டமும் மிகும், தடையும் மிகும். ஈயக் கலவையிலும் தாமிர-நிக்கலிலும் மின்னோட்டம் குறைவு. காந்தம் சறுக்கி ஓடிவிடும். சாதாரணக் கறுப்புக் காந்தம் இச்சோதனைக்கு வலுப் போதாது. நியோடிமியம் காந்தங்களைச் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இரு சோதனைகளையும் சேர்த்துப் பாருங்கள்:

தூய வெள்ளி: அடர்த்தி 10.49, காந்தம் மிகவும் தயங்கும்.
தாமிரம்: அடர்த்தி 8.96, காந்தம் தயங்கும்.
தாமிர-நிக்கல்: அடர்த்தி சுமார் 8.9, காந்தம் விரைந்து ஓடும்.
ஜெர்மன் சில்வர்: அடர்த்தி சுமார் 8.7, காந்தம் விரைந்து ஓடும்.
ஈயம்: அடர்த்தி 11.34, காந்தம் விரைந்து ஓடும்.
இரும்பு: அடர்த்தி 7.87, காந்தம் ஒட்டிக்கொள்ளும்.

தாமிரம் காந்தத்தை ஏமாற்றுகிறது. ஆனால் தண்ணீரிடம் அகப்பட்டுக்கொள்கிறது. ஈயக் கலவை தண்ணீரை ஏமாற்றுகிறது. ஆனால் காந்தத்திடம் அகப்பட்டுக்கொள்கிறது. பட்டியலில் இரண்டு சோதனைகளையும் ஒருங்கே தாண்டுவது வெள்ளி மட்டுமே. ஒரு சாட்சியை மட்டும் நம்பாமல், ஒன்றையொன்று சாராத இரண்டு சாட்சிகளைக் கேட்பது அறிவியலின் அடிப்படை முறை. (ஜெர்மன் சில்வர் என்பது தாமிரம், நிக்கல், துத்தநாகம் கலந்தது. அதில் பெயரைத் தவிர வேறு வெள்ளி இல்லை!)

நகை மதிப்பிடும் இடங்களில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி உலோகத்தை அறியும் கருவி இருக்கிறது. அது மிக நுட்பமானது. ஆனால் மேற்பரப்பின் மெல்லிய அடுக்கை மட்டுமே பார்க்கும். தடித்த முலாம் அதை ஏமாற்றிவிடலாம். அங்கும் அடர்த்திச் சோதனையே துணைக்கு வரும். நைட்ரிக் அமிலச் சோதனையை நீங்கள் ஒருபோதும் செய்ய வேண்டாம். அது தோலையும் கண்ணையும் கெடுக்கும். பதக்கத்திலும் அழியாத கறையை ஏற்படுத்தும்.

கறுக்கும் வெள்ளி

உண்மையான வெள்ளிதான் என்று உறுதியாயிற்று. இனி அதைக் காப்பாற்றுவது எப்படி? வெள்ளியின் பகை கந்தகம். காற்றில் மிகச் சிறிதளவு கலந்துள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெள்ளியோடு வினைபுரிகிறது.

வெள்ளி + ஹைட்ரஜன் சல்பைடு + ஆக்சிஜன் → வெள்ளி சல்பைடு + நீர்

இந்தச் சல்பைடு படலம் முதலில் மிக மெல்லியதாக இருக்கும். அப்போது படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, மஞ்சள், ஊதா, நீலம் என வண்ணங்களைக் காட்டும். தண்ணீரின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தின் வண்ணங்களும் இவ்வகைதான். படலம் தடித்ததும் எல்லாம் கறுத்துவிடும்.

முட்டை, ரப்பர் வளையம், கம்பளித் துணி ஆகியவற்றில் கந்தகம் உண்டு. வெள்ளியை இவற்றோடு வைக்கக் கூடாது. பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளும் ஆகாது. நாளடைவில் அவற்றிலிருந்து கசியும் பொருள்கள் உலோகத்தில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். அக்ரிலிக் பெட்டிகளே சிறந்தவை. பதக்கத்தை எப்போதும் விளிம்பைப் பிடித்தே எடுங்கள். விரலின் வியர்வைக் கறை பின்னால் கறுத்துத் தெரியும்.

நம் வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்கையும் குங்குமச் சிமிழையும் விபூதி கொண்டு துலக்குவார்கள். விளக்குக்கு அது சரி. பதக்கத்துக்கு ஆகாது. வெள்ளி மென்மையான உலோகம். சாம்பலோ பற்பொடியோ தேய்க்கும்போது அதன் மேற்பரப்பு மெல்லிய கீறல்களாய்ச் சுரண்டப்படும். பாண்டாவின் இரு நிறங்களையும் காட்டிய அந்த நுண்ணிய சொரசொரப்பும் வழவழப்பும் ஒரே தேய்ப்பில் போய்விடும், மீண்டும் வாரா. அதனால்தான் சேகரிப்போர் தேய்த்து மின்னும் பதக்கத்தைவிடத் தானாக நிறம் மாறிய பதக்கத்தை மதிக்கிறார்கள்.

தேய்க்காமல் கறுப்பு நீக்கும் ஒரு வேதியியல் சோதனையை, பதக்கத்தில் அல்லாமல், கறுத்துப்போன பழைய கொலுசில் செய்து பாருங்கள். ஒரு பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, அதன் மேல் கொலுசை வையுங்கள். ஒரு கரண்டி சமையல் சோடா தூவி, பெரியவர்களின் துணையோடு சுடுநீர் ஊற்றுங்கள். சில நிமிடங்களில் கறுப்பு மறையும்; அழுகிய முட்டையின் நாற்றம் இலேசாக வரும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அலுமினியம் வெள்ளியைவிட வினைத்திறன் மிக்கது. அது எலக்ட்ரான்களை அளிக்க, வெள்ளி சல்பைடு மீண்டும் வெள்ளியாகிறது. தேய்த்தால் வெள்ளி போகும். இங்கே வெள்ளி திரும்பி வருகிறது.

விலையில் எது வெள்ளி, எது விலங்கு?

வெள்ளியின் விலை நாள்தோறும் மாறும். எடுத்துக்காட்டுக்காக ஒரு கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

வெள்ளியின் மதிப்பு = எடை × தூய்மை × ஒரு கிராம் விலை = 31.1 × 0.999 × 100 = ஏறத்தாழ 3,107 ரூபாய்.

கடையில் 4,200 ரூபாய் கேட்டால், 1,093 ரூபாய் வேலைப்பாட்டுக்கும், அருமைக்கும், கடைக்காரரின் ஆதாயத்துக்கும் நீங்கள் தருவது. அதாவது 35 சதவீதம் கூடுதல். குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்ட, ஆண்டுதோறும் உருவம் மாறும் நாணயங்களுக்கு இக்கூடுதல் தொகை பின்னாளில் திரும்பக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தனியார் பதக்கத்தை விற்கும்போது பெரும்பாலும் வெள்ளியின் விலையே கிடைக்கும். விலங்கின் அழகுக்காக வாங்கினால் அதில் ஏமாற்றம் இல்லை. இலாபம் ஒன்றையே எண்ணி வாங்கினால் ஏமாற்றம் நேரலாம். வெள்ளியின் சந்தை விலையைவிடக் குறைவாக யாரேனும் விற்க முன்வந்தால், தண்ணீரையும் காந்தத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பதக்கங்களைப் பெட்டியில் பூட்டி வைப்பதைவிட, ஒன்றை நன்கு அறிந்து வைப்பது மேலானது. ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நாடு, ஆண்டு, விட்டம், எடை, நீங்கள் கண்ட அடர்த்தி, காந்தத்தின் நடத்தை ஆகியவற்றை எழுதுங்கள். கீழே அந்த விலங்கு எங்கே வாழ்கிறது, என்ன தின்கிறது, இன்று எத்தனை எஞ்சியுள்ளன என்பதையும் எழுதுங்கள். 2016இல் பாண்டா ‘அழியும் ஆபத்திலுள்ளது’ என்ற நிலையிலிருந்து ‘ஆபத்து வரக்கூடியது’ என்ற சற்று நல்ல நிலைக்கு உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தால் மாற்றப்பட்டது. ஆப்பிரிக்கப் புல்வெளி யானையோ 2021இல் ‘அழியும் ஆபத்திலுள்ளது’ என்ற நிலைக்குத் தள்ளப்பட்டது. பதக்கத்தில் உருவம் மாறாது. காட்டில் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் குறிப்பேடும் அதோடு மாற வேண்டும்.

பயிற்சிக்குச் சில வினாக்கள்

1. 31.1 கிராம் எடையுள்ள ஒரு காட்டெருமைப் பதக்கம் தண்ணீரில் 3.47 என்று காட்டியது. காந்தம் அதில் தயங்கி இறங்கியது. அது எந்த உலோகமாக இருக்கலாம்?

2. 30 கிராம் பாண்டா நாணயத்தின் விட்டம் 40 மி.மீ. அதன் சராசரித் தடிமன் என்ன?

3. பதக்கத்தின் அடியில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால், கணக்கிடும் அடர்த்தி உண்மையைவிடக் கூடுமா, குறையுமா?

விடைகள்: 1. அடர்த்தி 8.96, வெள்ளி முலாம் பூசிய தாமிரம். 2. பருமன் 2.86 க.செ.மீ.; பரப்பு 12.57 ச.செ.மீ.; தடிமன் ஏறத்தாழ 2.3 மி.மீ. 3. குறையும். குமிழியும் தண்ணீரை விலக்குவதால் பருமன் கூடித் தெரியும்.